முழுகாமல் இருந்த கப்பல்

தென்னூர் உழவர் சந்தைக்குப் பின்தெருவில் குடியிருந்த கமருன்னிசா எண்பத்திரண்டு வருஷம் முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதத்தில் நின்ற வயிறு அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்தது வளராததால் சுமந்தவளும் வளரவில்லை. கல்யாணமானபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, போன வருஷமும் பத்தொன்பதுதான். ஆதார் எடுக்க வந்தவர்கள், பிறந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலு என்று அவள் சொன்னதும் முகத்தைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்த்தார்கள், பின்னால் சந்தை வரைக்கும் நின்ற வரிசையைப் பார்த்தார்கள், சொன்னபடியே அடித்துக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். முதியோர் பென்ஷனும் வந்தது, கர்ப்பிணிகளுக்கான சத்துமாவும் வந்தது. இரண்டையும் ஒரே பெண் வாங்கக் கூடாது என்று எந்த அரசாணையிலும் இல்லை என்று அங்கன்வாடிக்காரம்மா அடித்துச் சொன்னார். அத்தையை அந்த வீட்டில் குப்பி என்பார்கள். அதையே தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டதால், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிற அறுபது வயது ஆம்பளைகள்கூட அந்தச் சின்னப் பெண்ணைக் குப்பி என்றே அழைத்தார்கள். தங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு முதல் சேலையை அவளிடம் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கினார்கள்.

அவள் புருஷன் கியாசுதீன் சுருட்டு வியாபாரி. உறையூரில் சுற்றிய சுருட்டைப் பெட்டி பெட்டியாக ஆப்பிரிக்காவில் மொம்பாசாவுக்குக் கொண்டுபோய் விற்பான். அவன் சரக்கில் ஒன்றைப் பற்றவைத்தால் ரெண்டு நாள் எரியும் என்பார்கள், புகையைப் பார்த்து அக்கரையில் மழை என்று ஆட்டுக்காரர்கள் மந்தையைத் திருப்பிய கதையும் உண்டு. கல்யாணமாகி ஒரு மாதம் பெண்டாட்டியோடு இருந்தான், பிறகு கப்பலேறினான். திரும்பி வரும்போது அவன் ஏறிய கப்பலின் பெயர் லேடி வின்டம். தென்னூர் வாயில் அது லேடி வேண்டாம் ஆயிற்று. பெயரிலேயே வேண்டாம் என்று இருக்கிற கப்பலில் ஒருத்தன் ஏறலாமா என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். முன்னாடி யாரும் கேட்கவில்லை.

அது சண்டைக்காலம். ஆனால் லேடி வேண்டாமில் சண்டைக்காரர் ஒருத்தரும் இல்லை. துணி வியாபாரிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், கைக்குழந்தைக்காரிகள், ஊருக்குத் திரும்புகிற சமையல்காரர்கள், ஒரு கூண்டுக் கிளி, இவ்வளவுதான். விடிந்து, பயணிகள் தேநீர் வாங்கி ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நீர்மூழ்கி அதை அடித்தது. எந்த நாட்டு நீர்மூழ்கி என்பதில் தென்னூரில் இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. முழுகுவதையே தொழிலாக வைத்திருந்த கப்பல் முழுகாமல் தன் ஊர் போய்ச் சேர்ந்தது. மிதப்பதற்கென்று கட்டிய கப்பல்தான் அடியில் போயிற்று.

செய்தி தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த கப்பல் ஏஜெண்ட் ஆபீசுக்கு வந்தது. வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துபோகும் ரெங்கராஜ் என்கிற குமாஸ்தா தலையில் விழுந்தது. மற்ற வீடுகளில் அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார், கூடவே அழுதார், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இந்த வீட்டில் ஆண்கள் கடைக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தது கமருன்னிசா. அவர் அவள் வயிற்றைப் பார்த்தார். முழுகாமல் இருக்கும் பெண் முன்னால் எதைப் பற்றியும் முழுகிவிட்டது என்று சொல்லக் கூடாது, காதில் விழுந்தால் வயிற்றில் இருப்பது நிற்காது என்பது காவிரிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லா ஜனமும் ஒன்றுபோல நம்பிய சங்கதி. தண்ணிக்குள்ளே போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம், இல்லை என்று கையை விரித்திருக்கலாம். அந்த நேரத்தில் அவர் வாயில் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு சொல்லே இல்லாமல் போயிற்று.

"கப்பல் என்னாச்சுங்க?" என்று அவளே கேட்டாள்.

"கப்பலா? கப்பலும் முழுகாமத்தாம்மா இருக்கு" என்றார் ரெங்கராஜ்.

அந்த 'கப்பலும்' அவளுக்குச் சிரிப்பை மூட்டியது. லேடின்னு பேரு வச்சா அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் குடித்தார். அன்றைக்கு அவள் வயிறு நின்றது, வயதும் நின்றது.

ரெங்கராஜும் தப்பவில்லை. மறுநாள் விடியற்காலை அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கியபோது காவிரி அவருக்கு முழங்காலளவே இருந்தது. நடு ஆற்றுக்குப் போனார், அங்கேயும் முழங்கால். உட்கார்ந்தால் தண்ணீரும் உட்கார்ந்தது. கோயில் யானை தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளத்தில் அவர் வேட்டிக் கரை நனையாமல் நின்றதை நேரில் பார்த்தவர்கள் ஸ்ரீரங்கத்தில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அப்போது பிறந்திருக்கவில்லை. தகப்பனார் காரியத்துக்கு அவர் முழுக வழியில்லாமல் குடம் குடமாகத் தலையில் ஊற்றி ஒப்பேற்றினார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து அவர் தென்னூருக்கு வருவார். கதவு திறக்கும், வயிறு தெரியும். கப்பல் ஏடனில் நிலக்கரிக்குக் காத்திருக்கிறது என்பார். அடுத்த வருஷம் ஜான்சிபாரில் கேப்டனுக்கு மலேரியா. சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், கப்பல் கம்பெனியே இழுத்து மூடப்பட்டது. லேடி வேண்டாம் மட்டும் ஏதோ ஒரு துறைமுகத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தது. மசக்கை ஜாஸ்திபோல இருக்கு என்பாள் கமருன்னிசா. ரிட்டையர் ஆகி, கண் மங்கி, தடி ஊன்றி ஒரு கோடையில் கடைசியாக வந்தார். அன்றைக்குச் சொல்லாமல் திரும்புவதில்லை என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்வி. அவள் கப்பல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவர் எப்போதும்போலவே பதில் சொன்னார். அந்த வாரமே காலமானார். கப்பலைத் தெரிந்த கடைசி மனுஷர் போய்விட்டாரே என்று கமருன்னிசா மூன்று நாள் சாப்பிடவில்லை.

அதற்குள் தெரு முழுக்க அந்தச் சொல்லை விட்டுவிட்டிருந்தது. பேசத் தொடங்கும் குழந்தைக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே எதைச் சொல்லக் கூடாது என்பதைத்தான். அடகு வைத்த நகை கெடு தாண்டினால் முழுகிவிட்டது என்று சொல்ல முடியாததால் அந்தத் தெருவில் நகை முழுகவே இல்லை. இரண்டு அடகுக்கடைக்காரர்கள் சொத்தை விற்றுவிட்டு ஊரைப் பார்க்கப் போனார்கள். புருஷனைத் தலைமுழுக நினைத்த பெண்கள் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேரன் எடுக்கும்வரை சேர்ந்து வாழ்ந்தார்கள். தொட்டியத்திலிருந்து சந்தைக்கு வாழைத்தார் கொண்டுவரும் வீரமலை ஒருமுறை, காவிரியில் வெள்ளம் வந்த மறுநாள், விவரம் தெரியாமல் தெருவில் நின்று புலம்ப ஆரம்பித்தார்.

"எல்லாம் போச்சுங்க. என் தோட்டம் மொத்தமும் மு—"

நாலு பெண்கள் பாய்ந்து அவர் வாயில் அவருடைய பூவன் பழத்தையே உரிக்காமல் திணித்தார்கள். அதை மென்று விழுங்கியபின் அவர் நிதானமாக, தோட்டம் தண்ணிக்குள்ள போய் உக்காந்திருக்குங்க என்றார். அதற்கப்புறம்தான் ஆறுதல் சொன்னார்கள்.

கமருன்னிசாவைக் காவிரிப் பாலம் தாண்ட மட்டும் விட்டதில்லை. அம்மா மண்டபத்தில் அந்தச் சொல் நாள் முழுக்க எல்லார் வாயிலும் இருக்கும், அதுதான் காரணம். மற்றபடி அவளுக்கு விஷயம் தெரியாதா என்றால், ஏன் தெரியாது? ஒரு தெருவே எண்பது வருஷம் ஒரு சொல்லைத் தாண்டித் தாண்டி நடந்தால் அந்த இடத்தில் பள்ளம் இருப்பது குருடனுக்கும் தெரியும். தெரிந்ததை அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லாதவரை கியாசுதீன் வழியில் இருந்தான், பிள்ளை வயிற்றில் இருந்தது.

போன வருஷம் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. கடலடியில் தேடுகிற ஏதோ ஒரு வெளிநாட்டுக் கூட்டம் லேடி வேண்டாமைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து உலகத்துக்கே அனுப்பியது. ஷார்ஜாவில் வேலை செய்யும் சர்ஃபராஸ், கமருன்னிசாவின் அண்ணன் பேரன், அதைத் தன் மனைவி சம்ரீனுக்கு அனுப்பி, குப்பிகிட்ட காட்டிறாத என்றும் எழுதினான். சம்ரீன் பாலக்கரையிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், குப்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அதே மாதம் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாள். இந்த வயிற்றைப் பரம்பரையாகப் பார்த்துவந்த டாக்டர்களில் ஐந்தாவது, டாக்டர் செல்லக்கிளி, கருவியை வைத்துப் பார்த்தார். பிள்ளையின் துடிப்பு தேய்ந்துகொண்டே வருகிறது என்றார். அதற்கும் களைப்பு இருக்காதா? ஐப்பசி போனால் கார்த்திகை தாங்காது என்றார். சம்ரீன் வழி என்ன என்று கேட்டாள்.

"என் கையில ஒண்ணும் இல்லம்மா. கப்பல் வந்து சேரணும், இல்லன்னா..." என்று தொடங்கிய டாக்டர், படுக்கையில் இருந்தவள் தன்னையே பார்ப்பதைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏழு வருஷம் டாக்டருக்குப் படித்தும் அந்தச் சொல் அவருக்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சம்ரீன் படத்தைக் காட்டினாள். பச்சைத் தண்ணீரில் கப்பல் பக்கவாட்டில் படுத்திருந்தது. கமருன்னிசா இரண்டு தடவை பார்த்தாள்.

"இது யாரு கப்பல்?"

"லேடி வேண்டாம்தான், குப்பி. பேரு தெரியுது பாருங்க."

"கதவுல மீனு போயிட்டு போயிட்டு வருதே."

"ஆமா."

"அப்ப கதவைச் சாத்தக்கூட நேரமில்ல போலருக்கு." அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நீ சொல்லு. உன் வாயால சொல்லு, கேட்டுக்கறேன்."

சம்ரீன் வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அந்தப் படத்து மீன்கள் செய்ததையே அவளும் செய்தாள். பள்ளிவாசலிலிருந்து சேக் மைதீன் ஹஜ்ரத்தை வரவழைத்தார்கள். அவர் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, புருஷன் மௌத்தாகியிருந்தால் முழுகாமல் இருக்கிற பெண்ணுக்கு இத்தா, அதாவது விதவை ஒதுங்கியிருக்கும் காலம், பிள்ளை பிறக்கும்வரைதான் என்று சட்டத்தைச் சொன்னார். அவன் மௌத்தாகிவிட்டானா என்று அவள் கேட்டதும் மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று எழுந்துபோனார். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

சொன்னால் நின்றுபோன வயசெல்லாம் சேர்ந்து வந்துவிடும் என்று சம்ரீன் மட்டும் எச்சரித்தாள். பிள்ளையும் தங்குமா என்று தெரியாது, அந்தச் சொல்லே அதைக் கலைத்தாலும் கலைக்கலாம். கமருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எண்பது வருஷமா ரெண்டு பேரை வச்சிட்டிருக்கேன், புள்ள. ஒருத்தரை ஒரு மாசம் பார்த்தேன். ஒண்ணை இன்னும் பார்க்கவே இல்ல" என்றாள். "அதை ஒருதடவ பார்த்துட்டா போதும்."

மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்கள். ஐப்பசிக் கூட்டம், நிற்க இடமில்லை. பிள்ளைத்தாச்சிக்கு இடம் விடுங்க என்று கண்டக்டர் சத்தம் போட்டதும் எண்பதை எட்டிய பெரியவர் ஒருவர் மரியாதையாக எழுந்தார். அவள் அவர் தோளைப் பிடித்து அழுத்தி, "உக்காருங்க தம்பி, உங்களுக்கு வயசாயிடுச்சு" என்றாள். அவர் எதற்கு என்று தெரியாமலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா மண்டபத்தில் எழுபதாயிரம் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். படியில் நின்ற வைதிகர் ஒருவர் தொண்டை கிழிய, "மூணு தரம் முழுகுங்கோ, நன்னா முழுகுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கமருன்னிசா படியில் காலை வைத்ததும் அவர் அவள் வயிற்றைப் பார்த்தார். முழுகு வரைக்கும் வந்த சொல்லை அப்படியே விழுங்கினார். அவர் நின்றதும் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மௌனம் படி படியாக இறங்கி ஆற்றுக்குள் போய் அக்கரையைத் தொட்டது. ஒருத்தரும் முழுகவில்லை. எழுபதாயிரம் பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, அவள் போகட்டும் என்று நல்ல மனசோடு காத்திருந்தார்கள். யாராவது ஒருத்தர் சொல்லக் கேட்டுவிட்டால் தான் சொல்லவேண்டாமே என்றுதான் அவள் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் நல்ல முகங்கள். பிறகு கடைசிப் படிக்கு இறங்கி, தண்ணீரைப் பார்த்து, கத்திரிக்காய் விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"கப்பல் முழுகிடுச்சு."

ஒரு வாழை இலை மிதந்து போகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வயிற்றில் உதை விழுந்தது. அவள் அம்மா என்று படியில் உட்கார்ந்தாள். முக்காட்டுக்கு வெளியே ஒரு மயிர் வெளுத்ததை சம்ரீன் கண்ணால் பார்த்தாள். ஆற்றில் நின்ற அத்தனை பேரும் ஒன்றாக முழுகி எழுந்ததில் அன்றைக்குக் காவிரி மேலணை வரைக்கும் ஏறியது.

அவள் இத்தா இருந்தாள். வயிறு மாதத்துக்கு ஒரு மாதம் வளர்ந்தது, அவள் மாதத்துக்கு இருபது வயசு வளர்ந்தாள். ஆறாம் மாதத்தில் அவளுக்கும் சம்ரீனுக்கும் ஒரே வயசாக இருந்த ஒரு வாரம், இரண்டு பேரும் தோழிகள் மாதிரி எதெதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அந்தச் சிரிப்பு சம்ரீனுக்கு மட்டும்தான் புரிந்தது. ஏழாம் மாதத்தில் பல் விழத் தொடங்கியது, அதை ஒரு டப்பாவில் போட்டுவைத்தாள். எட்டில் கண்ணில் புரை விழுந்தது. பிள்ளையைப் பார்க்கவேண்டும், கண் வேண்டும் என்று அழுதாள். நிறைமாத வயிற்றோடு கண் ஆபரேஷனுக்கு வந்த எண்பது வயதுக்காரியைக் கண் ஆஸ்பத்திரியில் முதலில் சேர்க்கத் தயங்கினார்கள், பிறகு பக்கவாட்டில் படுக்கவைத்துச் செய்துமுடித்தார்கள். கண் நன்றாகத் தெரிந்தது. ஊசியில் நூல் கோத்துக் காட்டினாள். தாங்குவாளா மாட்டாளா என்று சந்தையில் பேச்சாக இருந்தது. தாங்கவேண்டும் என்று வீரமலை தொட்டியத்தில் காவல் தெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார்.

அவள் தாங்கினாள். பனிக்குடம் உடைந்தபோது வந்த தண்ணீர் பிரசவ அறையைத் தாண்டி வராண்டாவுக்கு வந்தது. அதில் உயிரோடு நெத்திலி மீன்கள் துள்ளின, ஆயாக்கள் வாளியில் பிடித்தார்கள். பின்னாலேயே பெண் குழந்தை வந்தது. மூக்கும் முழியுமாக, குறை ஒன்றும் இல்லாமல், ஆஸ்பத்திரி அதிர அழுதது. டாக்டர் செல்லக்கிளி அதைத் துடைத்து, நூற்றியொரு வயசு ஆகியிருந்த கமருன்னிசாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். புரை எடுத்த கண்ணால் அவள் அதைத் தெளிவாகப் பார்த்தாள்.

"அழகா இருக்கே. யாரு வீட்டுப் புள்ள?" என்றாள்.

"உங்க புள்ளதான், குப்பி" என்றாள் சம்ரீன்.

"எனக்கா? எனக்கு இன்னும் நிக்காஹே ஆகலயே."

கடைசி வாரத்து வயசுகள் வந்ததும் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொன்றும் அவளிடமிருந்து ஒரு பிடி ஞாபகத்தை எடுத்துக்கொண்டது. சம்ரீன் கியாசுதீன் பெயரைச் சொன்னாள், அது யாரு என்று கேட்டாள் கமருன்னிசா. கப்பலைச் சொன்னாள். திருச்சிக்கு ஏது கப்பல், மலைக்கோட்டைக்கு மேலயா வந்து நிக்கும் என்று பொக்கை வாயால் அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ்களும் சிரித்தார்கள். சம்ரீன் மட்டும் வெளியே போய் மீன் வாளியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

குழந்தைக்கு ஆலியா என்று பெயர் வைத்தார்கள். தெருவில் இப்போது எல்லாச் சொல்லும் புழங்குகிறது. முதல் மாதத்திலேயே எண்பது வருஷத்து நகைகள் மொத்தமாக முழுகின, மூன்று குடும்பங்கள் பிரிந்தன. சொட்டு மருந்து போட வருகிறவர்கள் குழந்தைக்கு மருந்து போட்டுவிட்டு, தாயாருக்குப் பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சர்ஃபராஸ் ஷார்ஜாவிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே அளவில் கம்பளிச் சட்டை வாங்கி அனுப்பினான். இரண்டு பேருக்குமே சரியாக இருந்தது.

நூற்றியொரு வயசில் கமருன்னிசாவுக்குப் பால் சுரந்தது, இன்னும் சுரக்கிறது. ரவிக்கை ஏன் நனைகிறது என்று தினமும் கேட்கிறாள், யாராவது ஏதாவது சொல்கிறார்கள். விழித்திருக்கும்போது குழந்தையைக் கிட்டே கொண்டுபோனால் கூச்சப்பட்டுத் தள்ளிவிடுகிறாள். அதனால் மத்தியானம் சாப்பிட்டபின் அவள் கண்ணயரும் நேரம் பார்த்து சம்ரீன் ஆலியாவைப் பக்கத்தில் போடுகிறாள். குழந்தை சத்தமில்லாமல் குடிக்கப் பழகிவிட்டது. சில நாள் பாதியில் முழிப்பு வந்துவிடும். நெஞ்சோடு ஒட்டிக்கிடப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு, "ஐயோ, இந்தப் புள்ளயோட அம்மா எங்க போனா? கூப்பிடுங்க அவள" என்கிறாள்.

"இதோ வந்துட்டேங்க" என்று சம்ரீன் குழந்தையை எடுத்துக்கொள்கிறாள்.